அடிக்குறிப்பில் ஏறாத அஞ்சலை

"கீழ என்னம்மா போடட்டும்?" என்று டைப் அடிக்கும் அக்கா கேட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி. தட்டச்சுப் பள்ளி என்று பலகை தொங்கும். ஏழெட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்க, ஜன்னல் வழியாக டீக்கடைப் பால் காயும் வாசனை வரும். அக்கா ஒரு மூலையில் தமிழ் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் ஆய்வேடுகள் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும்.

அன்று அவர் என் மூன்றாம் இயலில் இருந்தார். ஓர் ஒப்பாரிப் பாட்டை அடித்து முடித்துவிட்டு, தாளின் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு நின்றார். கோட்டுக்குக் கீழேதான் அடிக்குறிப்பு வர வேண்டும். நான் எழுதிக் கொடுத்த தாளை மறுபடி பார்த்தார்.

"நூல் பேரு எங்கம்மா?"

"நூல் இல்லைங்கக்கா. எங்கம்மா பாடினது. அம்மா பேரைப் போட்டிருக்கேனே."

அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தார். "இதை நான் அடிச்சுக் குடுத்துடுவேன். உங்க சார் ஒத்துக்க மாட்டாரு. மறுபடி மொத்தப் பக்கத்தையும் அடிக்கணும். ஒரு நடை போயி அவரைக் கேட்டுட்டு வந்துடு."

போன வாரம் இதே பக்கத்தில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். சிரிக்க வைக்கும் மனநிலையில் நான் இல்லை.

கோட்டுக்குக் கீழே ஓர் உலகம்

எண்பதுகளின் தொடக்கம். எம்.ஃபில். படிப்பு எங்கள் பக்கம் புதுசு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரம், அவ்வளவுதான். அங்கே தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: ஆய்வேட்டில் நீ என்ன எழுதினாய் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். எங்கிருந்து எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள்.

எடுத்த இடத்தைச் சொல்வதற்கு ஒரு வரிசை இருந்தது. ஆசிரியர் பெயர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இடையில் காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி. நூல் பெயருக்கு அடியில் கோடு. அடுத்த குறிப்பும் அதே நூலென்றால் 'மேலது' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம்.

அந்தச் சொல் எங்களுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் முதல் ஆள் "ரெண்டு இட்லி" என்றால் அடுத்தவள் "மேலது" என்பாள். பரிமாறுபவரும் பழகிவிட்டார். ஒருநாள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பையன் எப்படி என்று கேட்டதற்கு, "போன மாசம் வந்தவன் மேலது" என்றாள். இப்படி எல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் நெறியாளர் பாடாலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். கதர்ச் சட்டை, கையில் மஞ்சள் பை. ஆய்வேட்டைக் கீழிருந்து மேலாகப் படிப்பவர். தாளைப் புரட்டியதும் அவர் கண் போவது கோட்டுக்குக் கீழேதான். அங்கே எல்லாம் சரியாக இருந்தால்தான் மேலே ஏறுவார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தன் புத்தகங்களைத் தூக்கிக் கொடுப்பவர். பசியோடு வந்தவளின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டுவார். நான் அதில் பலமுறை புளிசாதம் தின்றிருக்கிறேன். அவர் படித்த காலத்தில் ஓர் அடிக்குறிப்பில் பக்க எண் விட்டுப்போனதென்று ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒரு வருஷம் வீணாயிற்று. சுட்டுக்கொண்ட கை. அதனால்தான் எங்களை அந்த வரிசையில் அப்படிப் பழக்கினார்.

அக்கா சொன்னபடி அவரிடம் போய் நின்றேன். தாளை வாங்கி, கோட்டுக்குக் கீழே பார்த்தார்.

"அச்சுல ஏறாதது ஆதாரம் ஆகாதும்மா."

"பாடினவங்க உயிரோட இருக்காங்க சார்."

"உயிரோட இருக்கறவங்கள எப்படிம்மா நூலகத்துல வைக்கிறது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது பெரிய சிக்கலாகத் தெரிந்தது. தாளை மடித்துக்கொண்டே, "விடு, நான் வழி பண்றேன்" என்றார்.

முந்திரிக்காட்டில்

அந்தப் பாட்டு என் கைக்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போவார். அம்மா தைலம்மை முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போவாள். சாவு விழுந்தால் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். அவள் வந்து வாயைத் திறந்தால்தான் அழுகை வீடு அழுகை வீடாகும் என்பார்கள்.

ஆய்வுக்கு ஒப்பாரி என்று தலைப்பு எடுத்துக்கொண்டு போய், "பாடும்மா, எழுதிக்கிறேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்தேன். அம்மா கரண்டியாலேயே அடிக்க வந்தாள்.

"வெளக்கு வைக்கிற வூட்டுல மாரடிக்கிற பாட்டப் பாடச் சொல்றியே, அறிவிருக்கா? யாரைச் சாகக் குடுக்கணும் இப்ப?"

சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி பாடக் கூடாது. பாடினால் சாவைக் கூப்பிட்டதாகும். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படிப்புப் புத்தியில் நான்தான் மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வா" என்று முந்திரிக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் எல்லையைத் தாண்டி, எந்தக் கூரையும் கண்ணில் படாத இடம் பார்த்து உட்கார்ந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டாள். முந்திரிப் பழம் புளித்த வாசனை காடெல்லாம் நிறைந்திருந்தது.

பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். "யாரு தைலம்மா, யாரு போயிட்டாங்க?"

"யாரும் போவுலண்ணே. புள்ளைக்குப் பரீட்சை, அதுக்குப் பாடுறேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

தாலி அறுத்தவளுக்கு, தாயை இழந்தவளுக்கு என்று ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே வந்தவள் கடைசியில் ஒன்றைப் பாடினாள். அதை அவள் எந்தச் சாவு வீட்டிலும் முழுசாகப் பாடி நான் கேட்டதில்லை.

*கொல்லையில முந்திரி*
*கொத்துக் கொத்தாக் காச்சிருக்கு*
*கொட்ட பொறுக்க வர*
*அஞ்சல நீ இல்லையேடி*
*சட்டி கழுவி வச்சேன்*
*சாதம் வடிச்சு வச்சேன்*
*கூப்பிட்ட வாய் வலிக்குது*
*அஞ்சல நீ கேக்கலையே*

அஞ்சலை என் தங்கை.

எந்தத் தாளிலும் இல்லாதவள்

எனக்கு அடுத்துப் பிறந்தவள். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு மழைக்காலத்தில் ஜுரம் கண்டது. ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில், அம்மா தோளிலேயே அடங்கிவிட்டாள். பாதி வழியில் திரும்பி வந்தோம். அம்மா தோளிலிருந்து அவளை இறக்க விடவில்லை.

அஞ்சலைக்கு போட்டோ கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வரவில்லை. பிறந்ததையும் எழுதி வைக்கவில்லை, போனதையும் எழுதி வைக்கவில்லை. அவள் என்று ஒருத்தி இருந்ததற்கு அம்மா வாயில் இருக்கும் அந்தப் பாட்டைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

பாடி முடித்துக் கூந்தலை முடிந்துகொண்டே அம்மா கேட்டாள். "இது புத்தகமா வருமா?"

"டைப் அடிச்சு, பைண்டு போட்டு, காலேஜுல வைப்பாங்கம்மா."

"அஞ்சல பேரு வருமில்ல?"

"வரும்மா."

"அப்ப சரி."

எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது, வேலை வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் அந்த நாளிலிருந்து அந்த ஆய்வேட்டில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் தங்கையின் பெயர் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

இதோ இங்கே அச்சில் வந்துவிட்டதே என்று இந்தப் பத்திரிகையின் உதவியாசிரியர் என்னைத் தேற்றப் பார்த்தார். நல்ல பிள்ளை. வாரப் பத்திரிகை அடுத்த மாதம் மளிகைக் கடையில் என்னவாகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

மலர் வந்தது

சார் பண்ணிய வழி இதுதான். கல்லூரி ஆண்டு மலரில் அவர் ஒரு கட்டுரை எழுதுவார். அதில் என் பாட்டுகளைப் போட்டுவிடுவார். மலர் அச்சாகிவிட்டால் அதற்கு ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, பக்கம் உண்டு. நான் அதிலிருந்து எடுத்ததாக அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் துறையில் இது புதுசில்லை. முன்னே படித்தவர்களின் கோயில் கதைகள், விடுகதைகள் எல்லாம் இப்படித்தான் மலர் வழியாகப் போய் ஆதாரமாகித் திரும்பி வந்தன. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கடையில் கொடுத்து, அதையே காசு கொடுத்து வாங்கிக் குடித்த கதைதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவின் பாட்டு அச்சில் வரப்போகிறதே.

மலர் வந்தது. மை வாசனை போகவில்லை. பக்கத்தைத் தேடித் திறந்தேன். கட்டுரையின் மேலே சாரின் பெயர். உள்ளே எங்கும் அம்மாவின் பெயர் இல்லை. அதைக்கூட எதிர்பார்த்திருந்தேன். பாட்டுக்கு வந்தேன்.

*பொன்மயிலே நீ இல்லையேடி* என்று இருந்தது. கீழே, *பொன்மயிலே நீ கேக்கலையே*.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், அஞ்சலைன்னு குடுத்திருந்தேன்."

"மக்கள் பாட்டுன்னா அது பொதுவா இருக்கணும்மா. தனிப்பட்ட ஆள் பேரு வந்தா அது பொதுப் பாட்டா இருக்காது."

"அது என் தங்கச்சி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தெரியும். நீ எழுதிக் குடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் எடுத்தேன். சொந்த வூட்டுச் சாவைக் கொண்டாந்து ஆய்வுன்னு வச்சா, வெளியூர்லேர்ந்து வர்ற தேர்வாளர் என்ன சொல்வாரு? நம்ம சனத்துலேர்ந்து படிக்க வந்த பொண்ணு நீ. உன்னை ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அன்றைக்கு மட்டும் நான் சாப்பிடவில்லை.

மறுபடி பெரம்பலூர் போனேன். டைப் அக்கா கோட்டுக்குக் கீழே மலரையும் பக்கத்தையும் வரிசை பிசகாமல் அடித்தார். அடுத்தடுத்த பாட்டுகளுக்கு மேலது, மேலது, மேலது. ஆனால் மேலே பாட்டில் மட்டும் நான் கொடுத்தபடியே இருந்தது. அஞ்சலை.

"மேல ஒண்ணு இருக்கு, மலர்ல வேற இருக்கே" என்றார் அக்கா. மலரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"இருக்கட்டும்க்கா."

அடிக்குறிப்பு அவர்களுக்கு, பாட்டு எங்களுக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். கீழே பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் மேலே அவ்வளவாகப் படிக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

அம்மாவும் வந்தாள்

வாய்மொழித் தேர்வு அன்று அம்மா வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பைண்டு போட்ட புத்தகத்தைப் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, தேர்வாளருக்கென்று முந்திரிப் பருப்பை வறுத்து எடுத்து வந்திருந்தாள். வந்தவர்களுக்குப் பலகாரம் வைப்பது எங்கள் துறை வழக்கம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, நசுங்காமல் கொண்டுவந்தாள். துறைக்கு வெளியே வராந்தாவில் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே தேர்வாளர் முந்திரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே ஆய்வேட்டைப் புரட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என் உழைப்பைப் பாராட்டினார். பிறகு மூன்றாம் இயலுக்கு வந்தார். பக்கத்தில் மலர் திறந்திருந்தது. மனிதர் மேலேயும் படிப்பவர், கீழேயும் படிப்பவர்.

"மூலத்துல பொன்மயில்னு இருக்கு. நீங்க அஞ்சலைன்னு போட்டிருக்கீங்க. மேற்கோளை மாத்துறதுக்கு ஆய்வாளருக்கு உரிமை கிடையாதும்மா. இது சாதாரணப் பிழை இல்ல."

"பாடினது அஞ்சலைன்னுதான் சார்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மாணவி பெயில் ஆகிவிடுவாளோ என்ற பயத்தில் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாடினவங்க வெளிய உக்காந்திருக்காங்க சார். எங்கம்மா."

தேர்வாளருக்கு ஆச்சரியம். "அப்படியா? கூப்பிடுங்களேன். நேராவே கேட்டுடுவோம்."

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"முந்திரிப் பாட்டு ஒண்ணு பாடுவீங்களாமே. அதைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்கம்மா."

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சுகள், கரும்பலகை, வெளியே நடமாடும் பிள்ளைகள்.

"இங்க பாடக் கூடாதுங்க. புள்ளைங்க படிக்கிற எடம்."

"மெதுவாப் பாடுங்க, பரவால்ல."

"இல்லைங்க. புள்ளைங்களுக்கு ஆவாதுங்க."

எனக்குத் தெரியும், அவள் தலையே போனாலும் பாட மாட்டாள். தேர்வாளர் சிரித்துக்கொண்டார். "சரி, பாட வேணாம். வார்த்தைய மட்டும் சொல்லுங்க. உங்க பொண்ணு அஞ்சலைன்னு எழுதியிருக்கு. சார் எழுதின புத்தகத்துல பொன்மயிலுன்னு இருக்கு. புத்தகத்துல இருக்கிறபடி இல்லேன்னா இதை நாங்க ஏத்துக்க முடியாதுங்க. எதும்மா சரி?"

மலரில் பெயர் மாறியிருந்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. மேசைமேல் இருந்த மலரைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. பக்கத்தில் பைண்டு போட்ட என் ஆய்வேட்டைப் பார்த்தாள். தலை குனிந்திருந்த சாரைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். ஏத்துக்க முடியாது என்ற சொல் அவளுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

"சார் எழுதுனதுதான் சரிங்க."

"அப்ப அஞ்சலைங்கிறது யாரு?"

"யாருமில்லைங்க" என்றாள் அம்மா. "அப்படி யாரும் இல்ல. சும்மா வாய்க்கு வந்த பேருங்க. புள்ள தெரியாம எழுதிடுச்சு. நீங்க பாத்துப் போட்டு வுடுங்க."

மறுபடி கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறந்து அம்மா பொய் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவளே இல்லை என்று சொன்ன பிறகு யார் சொல்லி அஞ்சலை இருந்தவளாக முடியும்? அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி மறுபடி அடித்து ஒட்டித் தர வேண்டும் என்று முடிவாயிற்று. பாஸ். சார் என் தலையில் கை வைத்தார்.

அதே படிப்பை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதே வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இன்றைக்கும் அந்தப் பாட்டு ஆய்வேடுகளில் வருகிறது. எல்லாவற்றிலும் பொன்மயில். கோட்டுக்குக் கீழே மலரின் பக்கம் சரியாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

திரும்பும் பஸ்ஸில்

அரியலூரில் பஸ் மாறி ஜெயங்கொண்டம் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? உன்னைப் பெயிலாக்கிட்டா?"

"அஞ்சலை இல்லேன்னு சொல்லிட்டியேம்மா."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "போனவளுக்கு எதுக்குடி பேரு. இருக்கறவ பொழைக்கணும்ல."

அதன் பிறகு ஊர் வரும்வரை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டே வந்தாள். சத்தம் வெளியே வரவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். பஸ்ஸு நாத்தம் ஒத்துக்கலைங்க என்றேன்.

அடுத்த வருஷம் ஊரில் ஒரு பிள்ளைச் சாவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். லீவில் வந்திருந்த நானும் போயிருந்தேன். பெண்கள் வட்டத்தின் நடுவே அம்மா அந்த முந்திரிப் பாட்டை எடுத்தாள். முதல் முறையாக ஒரு சாவு வீட்டில் அதை முழுசாகப் பாடினாள். *பொன்மயிலே நீ இல்லையேடி* என்று பாடினாள். *பொன்மயிலே நீ கேக்கலையே* என்று முடித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "நம்மூருல எவன்ம்மா வந்து புத்தகத்தைப் பாக்கப் போறான்? இங்கயுமா மாத்திப் பாடணும்?"

"பழகிக்கிட்டேன்" என்றாள். "நாளைக்கே எவனாச்சும் வந்து கேட்டு, நான் புத்தகத்துல இருக்கிறத மாத்திப் பாடி, உன் படிப்பு இல்லேன்னு ஆயிடக் கூடாதுல்ல."

அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தாள் அம்மா. அஞ்சலை என்ற பெயரை அவள் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவே இல்லை.